அக்கா எழுந்து நிற்காமல் இருக்க

தை 4, ஞாயிறு

பனி. எட்டு மணி வரை எதிர்வீடு தெரியவில்லை. எதிர்வீட்டில் என்ன நடக்கிறது என்று தெரியாமல் ஒரு காலை கழிவது எனக்குப் பெரிய நஷ்டம்.

நேற்று காணும் பொங்கல். அக்காவைப் பார்க்கத் திருவாரூர்ப் பக்கம் போய்வந்தேன். அதை எழுதப் பிடிக்கவில்லை. எழுதாமல் இருக்கவும் முடியவில்லை.

நான் போனபோது அக்கா கட்டிலில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் மருமகள் கலா. (அக்கா மகன் சிங்கப்பூரில். கலாதான் எல்லாம்.) என்னைப் பார்த்ததும் அக்கா தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தாள். முந்தானையை இழுத்துத் தோளைப் போர்த்திக்கொண்டு சுவரோரம் போய் நின்றாள். தலை குனிந்து. கால் இரண்டும் வீக்கம்.

"அக்கா, நான்தாங்க்கா. உக்காருக்கா."

அவள் உட்காரவில்லை. நான் உட்கார்ந்தால் அவளும் உட்காருவாள் என்று நாற்காலியில் உட்கார்ந்தேன். இன்னும் ஒடுங்கினாள்.

கலா மெதுவாக: "மாமனாருன்னு நெனைக்கிறாங்க மாமா. நரைச்ச தலையோட எந்த ஆம்பளை வந்தாலும் இப்படித்தான். டாக்டர் வந்தாக்கூட."

அக்காவின் மாமனார் செத்து எவ்வளவோ காலம் ஆயிற்று. அவர் கூடத்தில் இருக்கும்வரை மருமகள் உட்காரக் கூடாது, அவர் கண்ணில் படச் சாப்பிடக் கூடாது. அந்த வீட்டு வழக்கம். பெற்ற பிள்ளையின் பெயர் மறந்துவிட்டது, இது மறக்கவில்லை.

கால் நடுங்க நின்றாள். நான் வெளியே வந்துவிட்டேன். வந்தபிறகு உட்கார்ந்தாளாம். உட்கார்ந்ததும் கலாவிடம் கேட்டாளாம்: "காணும் பொங்கலாச்சே, தம்பி வரலையா?"

பஸ்ஸில் ஜன்னலோர சீட். வழியெல்லாம் அறுவடை மிஷின். ஒன்றும் மனசில் ஏறவில்லை.

தை 6, செவ்வாய்

கடையில் கூட்டமில்லை. அறுவடை சமயத்தில் உரக்கடைக்கு யார் வருவார்கள். ஈ, நான், கணக்கன் வராத நாற்காலி.

மதியம் கலா போன். நேற்று கரண்ட் ரீடிங் எடுக்க ஒரு பெரியவர் வந்தாராம். அக்கா எழுந்தாள், விழுந்தாள். முட்டியில் சிராய்ப்பு, அவ்வளவுதான். இன்னொரு தடவை விழுந்தால் இடுப்பு எலும்பு போய்விடும், அப்புறம் படுக்கைதான் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

"மாமா, தப்பா நெனைச்சுக்காதீங்க. கொஞ்ச நாளைக்கு நீங்க வராம இருந்தா நல்லது. தினம் உங்களைத்தான் கேக்குறாங்க. ஆனா நீங்க வந்தா நின்னுடுறாங்க."

"சரிம்மா" என்றேன்.

ஐப்பசி வரை இந்தத் தொல்லை இல்லை. அதுவரை பாக்கெட் டை அடித்துக்கொண்டிருந்தேன். தலை கரிக்குருவி மாதிரி இருக்கும், அக்காவுக்கும் என்னைத் தெரியும். அப்புறம் மச்சினி மகள் கல்யாணத்துக்கு முதல் நாள் அடித்த டையில் முகம் பூசணிக்காயாக வீங்கிற்று. குரூப் போட்டோவில் நிற்கிறேன், யார் இது என்று சொந்தக்காரர்களே கேட்கிறார்கள். இனி ஒரு சொட்டு பட்டாலும் மூச்சுக்குழல் அடைத்துக்கொள்ளும் என்று தஞ்சாவூர் டாக்டர் எச்சரித்தார். விட்டேன். வெளுத்தது. அக்காவுக்குத் தம்பி போனான், மாமனார் பிழைத்து வந்தார்.

யோசித்தவை:

துண்டால் தலைப்பாகை. மார்கழிப் பனிக்குக் கட்டிக்கொண்டு போனபோதே பார்த்தாயிற்று. அக்கா எழுந்திருக்கவில்லை, ஆனால் "களத்துலேருந்து ஆள் வந்திருக்கு பாரு, மோர் குடுத்து அனுப்பு" என்று கலாவிடம் சொன்னாள். மோர் குடித்துவிட்டு வந்தேன். நல்ல மோர்.

விக். வி. சிரித்த சிரிப்பில் அந்த எண்ணம் செத்தது. (வி. என் மனைவி விஜயா. முழுப் பெயர் எழுதினால் கூப்பிட்டது போலாகும், வந்து எட்டிப் பார்ப்பாள்.)

மொட்டை. இதற்கு வி. சிரிக்கவில்லை. "மொட்டையோட போய் நின்னா, யாரு செத்தான்னு கேப்பாங்க. என்ன சொல்லுவீங்க?"

தை 8, வியாழன்

தலை எரிகிறது. சாய்ந்து உட்கார முடியவில்லை.

உரக்கடைக்காரனைத் தவிர வேறு எவனும் செய்யாத காரியம். வாட்ஸ்அப்பில் ஒன்று வந்தது: கடுக்காய்ப் பொடியோடு அன்னபேதி குழைத்துத் தடவினால் நரை கறுக்கும், பழைய வைத்தியம், பக்கவிளைவு இல்லை. அன்னபேதி என்றால் என்ன? இரும்பு உப்பு. நம் கடையில் மூட்டையாகவே இருக்கிறது. பயிர் வெளுத்தால் வயலுக்குப் போடுவதுதானே. பயிர் வெளுத்தால் பச்சையாகும், தலை வெளுத்தால் கறுக்கும். இந்த அறிவோடு ஒரு கை அள்ளிக்கொண்டு வந்தேன்.

தலை கறுக்கவில்லை. பாசி பிடித்த மதில் நிறம். நெற்றியில் மட்டும் அழியாத கறுப்பு. தலைத்தோல் கொப்பளம்.

வி. தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டே: "ஏக்கருக்கு எவ்வளவுன்னு பாத்துப் போட்டீங்களா? இல்ல நாத்தங்கால்னு நெனைச்சுட்டீங்களா?"

சிரித்தேன். கொஞ்சம் கழித்து அவள் கை நின்றது. "அக்காவுக்காகத்தான?" என்றாள். எண்ணெய்க் கிண்ணத்தை அவள் பக்கம் நகர்த்தினேன். மறுபடி தடவினாள்.

தை 10, சனி

தஞ்சாவூர். நாட்டு மருந்துக் கடை. கடைக்கார பாய் என் வயதுக்காரர். தலையில் ஒரு முடி கிடையாது. தொப்பியைத் தூக்கிக் காட்டினார்.

"தலை மருந்து விக்கிறவன் தலையைப் பாத்துட்டு எல்லாரும் தயங்குறாங்கண்ணே. நான் விக்கத்தான் செய்றேன், போட்டுக்கிறதில்லை."

என் தலையைக் குனியச் சொல்லிப் பார்த்தார். நடந்ததைச் சொன்னேன்.

"சுத்தி பண்ணாத அன்னபேதியத் தலையில வெச்சீங்களா? அதுவும் உர மூட்டையிலேருந்து? நல்லவேளை, யூரியா ஞாபகம் வரலை."

காரீயச் சீப்பால் சீவினால் கறுக்குமாமே என்று கேட்டேன். அவர் முகத்திலிருந்து சிரிப்பு போயிற்று. "அது பேச்சே வேணாம். காரீயம் தோல் வழியா உள்ளே எறங்கும். தலை கறுக்கும், ஆள் வெளுத்துடுவாரு." தாளகம் (ஆர்சனிக் விஷம்), பாதரசம் சேர்ந்த தைலம் எதையும் எடுத்துக்கூடக் காட்டவில்லை. கடைசியில் அவர் பொட்டலம் கட்டியது: மண்டூரம் (இரும்புக் கிட்டம், சுத்தி செய்து இடித்தது), கடுக்காய்த் தோல், நெல்லி வற்றல். கரிசலாங்கண்ணி நானே பறித்துச் சாறு பிழிய வேண்டும்.

இரும்புச் சட்டியில் எல்லாம் குழைத்து, மூடி, சீலையில் களிமண் பூசி வாயைக் கட்டி, நெல்லுக்குள் இரண்டு வாரம் புதைக்க வேண்டும்.

"பழைய நெல்லு ஆகாது. அறுத்துக் கொட்டின ஈர நெல்லு. கையை விட்டா வெதுவெதுன்னு ஒரு புழுக்கம் இருக்கும் பாருங்க, அதுதான் அடுப்பு. புண்ணு ஆறின பொறவு, காதுக்குப் பின்னாடி கொஞ்சம் வெச்சுப் பாத்துட்டு அப்புறமா தலைக்குப் போங்க."

"நிச்சயம் கறுக்குமா?"

"கறுக்கும். நெலைக்குமான்னு கேக்காதீங்க."

திரும்பும்போது வி. கேட்ட கறிவேப்பிலைப் பொடி மறந்துபோயிற்று. அதற்குத் தனிக் கச்சேரி.

தை 11, ஞாயிறு

வாய்க்கால் ஓரம் கரிசலாங்கண்ணி பறித்தேன். உரக்கடைக்காரர் களை பிடுங்குகிறார் என்று போகிறவன் வருகிறவன் எல்லாம் நின்று பார்த்தான். ஒருவன் போட்டோ எடுத்தான்.

வி. தன் பழைய இரும்பு வாணலியைத் தந்தாள். முனகிக்கொண்டுதான். ஆனால் சீலைக்கு மண் பூசியது அவள்தான். எனக்கு ஒழுங்காக வரவில்லை.

ஈர நெல் எங்கே? நாங்கள் நிலத்தைக் குத்தகைக்கு விட்டு எவ்வளவோ நாளாயிற்று. கொள்முதல் நிலையத்தில் செல்வராசு நெல் குவிந்து கிடக்கிறது. என் வாடிக்கைக்காரன். ஈரப்பதம் அதிகம் என்று எடுக்காமல் வைத்திருக்கிறார்கள். போய்க் கேட்டேன். தலைக்கு மருந்து என்றதும், மேலே ஒன்றும் கேட்காமல், தார்ப்பாயைத் தூக்கி, தானே குழி பறித்துச் சட்டியை இறக்கினான். கையை உள்ளே விட்டுப் பார்த்தேன். காய்ச்சல்காரன் நெற்றி மாதிரி சூடு.

தை 15, வியாழன்

தூறல். தையில் மழை. ஊரே வானத்தைத் திட்டுகிறது.

செல்வராசு கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தான். டீ வாங்கிக் கொடுத்தேன். குடிக்கவில்லை. "இன்னிக்கும் ஈரம் பாக்கிற மிஷின் வெச்சுப் பாத்துட்டுப் போயிட்டாங்கண்ணே. காயணுமாம். எங்க காய?"

"பொழுது விடிஞ்சா வெயில் வந்துரும்" என்றேன்.

உள்ளுக்குள் வேறு கணக்கு. நனைந்த நெல், நல்ல புழுக்கம், மருந்து நன்றாக வேகும். மழை பெய்ததற்குச் சந்தோஷப்பட்டவன் இந்த டெல்டாவிலேயே இன்றைக்கு நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன். அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே சந்தோஷப்பட்டேன்.

கலா போன். அக்கா தட்டில் பாதியை ஒதுக்கிவைக்கிறாளாம். "தம்பி வந்தா திம்பான்" என்று. சாயங்காலம் அதைக் கலா எடுத்துக் கொட்டினால் திட்டாம். இப்போது கால்வயிறுதான் சாப்பிடுகிறாள். புடவை நழுவுகிறதாம் இடுப்பில்.

கரண்ட் பில் கட்ட வேண்டும். எதிர்வீட்டில் நேற்றிரவு மாமியார் மருமகள் சண்டை, பாதிதான் காதில் விழுந்தது, மின்விசிறி சத்தம்.

தை 18, ஞாயிறு

வெயில். சுள்ளென்று.

காலையிலேயே கொள்முதல் நிலையம் போனேன். செல்வராசும் அவன் மனைவியும் குவியலைச் சரித்துக் காலால் அளைந்து பரப்பிக்கொண்டிருந்தார்கள். என் சட்டி வெளியே, வரப்பு மேல். மூட்டை தூக்குகிற ஆட்கள் நாலடி தள்ளி நின்றார்கள். "எவனோ வெச்ச வேலை, தொடாதீங்க" என்று ஒருவன். செய்வினையாம். தலைக்கு மை அது என்று சொன்னால் சிரிப்பார்கள். சொல்லவில்லை. செய்வினை கௌரவம்.

"செல்வராசு, ஒரு ஓரத்தை மட்டும் கிளறாம விட்டா…"

அவன் நிமிர்ந்தான். வேர்வை. "அண்ணே, காயலைன்னா எடுக்க மாட்டாங்க. ஒங்க தலை கறுக்கறதுக்கு என் நெல்லு முளைக்கணுமா?"

சுரீரென்றது. நியாயம்தான். சட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பினேன். திரும்பினவன் நின்று சொல்லிவிட்டேன். அக்கா நிற்பதை. கால் வீக்கத்தை. விழுந்ததை. தட்டில் பாதி ஒதுக்குவதை. சொல்லச் சொல்ல எனக்கே குரல் ஒரு மாதிரி ஆகிவிட்டது. வெயில் காரணம் என்று வைத்துக்கொள்ளலாம்.

செல்வராசு குனிந்து நெல்லை அளைந்தான். அவன் மனைவிதான் வந்து சட்டியை வாங்கினாள். வேலியோரம் நிழலில், ஈர நெல்லைக் கூட்டி அதற்குள் வைத்துத் தார்ப்பாயால் மூடினாள்.

"அது முளைச்சா முளைச்சுட்டுப் போவுது. கோழிக்குப் போட்டுக்கிறோம். எங்க மாமியா இப்படித்தான் கடைசியில என்னைய யாருன்னு கேட்டாங்க" என்றாள்.

தை 23, வெள்ளி

செல்வராசு நெல்லை எடுத்துவிட்டார்கள். அவன் வீட்டுக்குப் போய் மிட்டாய் கொடுத்தேன். அவன் முகம் தெளிந்திருக்கிறது.

நிழலோரக் குவியலில் சட்டிக்கு மேல் நெல் வெள்ளையாக முளைவிட்டிருந்தது.

தை 25, ஞாயிறு

சட்டியைத் திறந்தோம். துரு, புளிப்பு, சேறு எல்லாம் கலந்த நாற்றம். வி. மூக்கைப் பொத்திக்கொண்டு, "இதத் தடவிக்கிட்டா அக்கா மட்டுமில்ல, நானும் எழுந்து போயிடுவேன்."

கன்னங்கரேலென்று இருக்கிறது. தலைப்புண் ஆறிவிட்டது. காதுக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். இரவு வெகுநேரமாகத் தொண்டையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். வீங்கவில்லை.

தை 27, செவ்வாய்

தடவியாயிற்று. வாழையிலையால் தலையைக் கட்டிக்கொண்டு கொல்லையில் உட்கார்ந்திருந்தேன். எதிர்வீட்டுக்காரர் மாடியில் துணி காயப்போட வந்து நெடுநேரம் காயப்போட்டார். ஒரே ஒரு துண்டு.

அலசினேன். வி. கண்ணாடியைக் காட்டினாள். கறுப்பு. நீலம் பாரித்த, கொஞ்சம் செம்மையும் ஓடுகிற கறுப்பு. மீசை, புருவம், நெற்றி, ஒரு காது எல்லாம் கறுப்பு. கரிமூட்டம் போடுகிறவன் மாதிரி. அழகுக்கா இது. நாளைக்குப் போகிறேன்.

தை 28, புதன்

கலாவிடம் சொல்லிவிட்டுத்தான் போனேன். விழுந்தால் பிடிக்க அவள் அக்கா பக்கத்திலேயே நின்றாள். வாசற்படியில் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். எத்தனையோ கூட்டத்தில் மைக் பிடித்துக் கேலி பேசியிருக்கிறேன், இப்படி வியர்த்ததில்லை.

அக்கா பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"வாடா. இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?"

உட்கார்ந்தபடியே. எழுந்திருக்கவில்லை.

கிட்டே போனேன். "நெத்தியெல்லாம் என்னடா கரி?" முந்தானையை நாக்கில் தொட்டுத் துடைத்தாள். போகவில்லை. அழுத்தித் துடைத்தாள். வலித்தது. இருந்தேன்.

கலா தட்டு கொண்டுவந்தாள். அக்கா பாதியை ஒதுக்கி என் பக்கம் தள்ளினாள். மீதியைச் சாப்பிட்டாள். முழுக்கச் சாப்பிட்டாள். கலா அடுக்களைப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

இதோடு முடிந்திருந்தால் நல்ல நாள் என்று எழுதிவிட்டுப் படுத்திருப்பேன்.

கை கழுவின பிறகு அக்கா குரலைத் தாழ்த்தினாள். "அவரு வெளியில போயிருக்காரா?"

"யாருக்கா?"

"மாமா."

"போயிருக்காருக்கா."

"அப்ப செத்த உக்காந்திருக்கேன்." பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள். "தம்பி, அப்பாகிட்ட சொல்லி என்னைய அழைச்சுட்டுப் போயிடச் சொல்லுடா. கால் வலிக்குது. நின்னு நின்னு முடியல."

இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அக்கா ஒரு குறை சொன்னதில்லை. நல்ல இடம், நல்ல சம்பந்தம் என்று அப்பா சாகும்வரை பெருமைப்பட்டார். தம்பி ஒருத்தன் வந்தால் சொல்லலாம் என்று எந்த வருஷத்திலோ எடுத்துவைத்த வார்த்தை, இன்றைக்கு வந்திருக்கிறது.

"அழைச்சுட்டுப் போறேன்க்கா" என்றேன்.

கிளம்பும்போது கலா வாசல்வரை வந்தாள். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவளே சொன்னாள்: "அழைச்சுட்டுப் போங்க மாமா. அத்தை இல்லாம எனக்கு இந்த வீடு வெறிச்சுனுதான் இருக்கும். ஆனா இங்க இருக்கிற வரைக்கும் அவங்க நின்னுட்டேதான் இருப்பாங்க. நான் வாராவாரம் வந்துடறேன். சிங்கப்பூர்ல அவருகிட்ட நான் பேசிக்கிறேன்."

மாசி 3, ஞாயிறு

அக்கா வந்துவிட்டாள். இங்கே, அவள் பிறந்த வீட்டுக்கு. ஓடு போய்த் தளம் வந்துவிட்டது, ஆனால் கூடத்துத் தூணும் கொல்லைக் கிணறும் அப்படியே. காரிலிருந்து இறங்கித் தூணைத் தடவிப் பார்த்தாள். வி. ஆரத்தி எடுத்தாள். பிறந்த வீட்டுக்கு வருகிற பெண்ணுக்கு எடுப்பதுபோலவே. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

அக்கா மருந்து: காலையில் இரண்டு, இரவில் ஒன்று. வழுக்காத செருப்பு வாங்க. கட்டிலுக்குப் பக்கப்பலகை, ஆசாரியிடம் சொல்ல.

மாசி 12, செவ்வாய்

தலை கவலையாக இருக்கிறது. குளிக்கக் குளிக்கக் கறுப்பு போகிறது. தலையணை உறை கறுப்பு, துண்டு கறுப்பு, சட்டைக் காலர் கறுப்பு. தலை மட்டும் வெளுக்கிறது. அடியில் வெள்ளை எட்டிப் பார்க்கிறது.

மறுபடி செய்யலாமென்றால் ஈர நெல் இல்லை. சம்பா முடிந்துவிட்டது. பாய்க்குப் போன் செய்தேன். "குறுவை வரைக்கும் பொறுங்கண்ணே." குறுவை அறுப்பு புரட்டாசியில். மரக்காலில் நெல்லைக் கொட்டி வெந்நீர் தெளித்தால் என்ன என்று கேட்டேன். போனை வைத்துவிட்டார்.

மாசி 17, ஞாயிறு

கொல்லை வழியாக வருகிறேன், போகிறேன். கடையிலேயே மதியச் சாப்பாடு. அக்கா தூங்கிய பிறகுதான் கூடத்தில் நடமாட்டம்.

வி.: "சொந்த வீட்டுல திருடன் மாதிரி எத்தனை நாளைக்குங்க?"

"குறுவை வரைக்கும்."

அவள் சிரிக்கவில்லை.

"தம்பி எங்கேன்னு கேக்குறாங்க. நான் என்ன சொல்லட்டும்?"

இருக்கிற வீட்டில் ஒளிந்துகொள்வதற்குத்தானா அழைத்துவந்தேன்.

மாசி 20, புதன்

காலை ஏழு மணி. பனி விட்டுவிட்டது, நல்ல வெயில். கிணற்றடியில் பல் தேய்த்துவிட்டு, அக்கா இன்னும் எழுந்திருக்கவில்லை என்று நினைத்துக் கூடத்துக்குள் வந்துவிட்டேன்.

கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். நேருக்கு நேர். என் தலையில் கறுப்பு ஒரு பொட்டு இல்லை. வி. அடுப்படியிலிருந்து ஓடிவந்து அக்கா பின்னால் கையை நீட்டிக்கொண்டு நின்றாள், விழுந்தால் தாங்க. நான் அசையவில்லை.

அக்கா எழுந்திருக்கவில்லை. என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"அப்பா, இன்னிக்கு வயலுக்குப் போகலையா?"

"போகணும்மா" என்றேன்.

"உக்காருங்க. வெறும் வயித்தோட போகாதீங்க." காலைத் தூக்கி நாற்காலி மேல் மடித்து வைத்துக்கொண்டாள், சின்னப் பெண் மாதிரி. என் எதிரிலேயே இன்னொரு இட்லி கேட்டு வாங்கினாள். சட்னி போதவில்லை என்று வி.யைக் கோபித்துக்கொண்டாள்.

எதிரில் உட்கார்ந்தேன். சாப்பிட்டு முடித்துத் தட்டில் பாதி இட்லியை ஒதுக்கினாள்.

"தம்பி இன்னும் எழுந்திரிக்கலையாப்பா?"

"தூங்கறான்மா."

"தூங்கட்டும். எழுப்பாதீங்க" என்றாள்.